தொகுதி 71, பக்கம் 3–8: ஒரு காப்பர் கட்டுரையின் ரெஃபரன்ஸ் பட்டியல் மூன்று ஆய்விதழ் வடிவங்களில்

ஐந்து அணைவு எண் கொண்ட, அதாவது மைய அணு ஐந்து அணுக்களோடு பிணைந்த, ஒரு காப்பர் அணைவுச் சேர்மம். அதன் ஈனி (காப்பரோடு பிணையும் மூலக்கூறு) டிரையசோல் வகை, கிளிக் வினையால் (காப்பர் வினைவேக மாற்றிய அசைடு-அல்கைன் வினை) தயாரித்தது. ஒற்றைப்படிக எக்ஸ்-கதிர் அமைப்பும் டிஎஃப்டி (எலக்ட்ரான் அடர்த்திச் சார்பியக் கோட்பாடு) கணக்கீடும் உண்டு. இப்படியொரு கட்டுரை எந்த ஆய்வகத்திலிருந்து வந்தாலும் அதன் ரெஃபரன்ஸ் பட்டியலில் ஒரு பன்னிரண்டு மூலங்கள் பெரும்பாலும் மாறாமல் இருக்கும். கிளிக் வினைக்கு இரண்டு, அணைவு வடிவத்தை அளக்கும் அளவுருவுக்கு ஒன்று, படிக அமைப்பைத் தீர்த்துச் செம்மைப்படுத்திய மென்பொருள்களுக்கு மூன்று, கணக்கீட்டு முறைக்கு ஐந்து, அந்தக் கணக்கீட்டை ஓட்டும் காஸியன் நிரலுக்கு ஒன்று. இந்த ஆய்வுக்கு அந்தப் பன்னிரண்டையே மாதிரியாக எடுத்துக்கொண்டோம். எல்லாமே அச்சில் உள்ளவை, பலமுறை மேற்கோள் காட்டப்பட்டவை. அவற்றை முதலில் ஏசிஎஸ் (அமெரிக்க வேதியியல் சங்கம்) வடிவிலும், பிறகு ஆர்எஸ்சி (பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி) வடிவிலும், கடைசியாக ஆங்கெவாண்டே (ஜெர்மன் வேதியியல் ஆய்விதழ்) வடிவிலும் அமைத்தால் எங்கெங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்பதே பேச்சு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காற்புள்ளி, அரைப்புள்ளி, தடித்த எழுத்து ஆகியவற்றை ரெஃபரன்ஸ் பட்டியலை அமைத்துத் தரும் மென்பொருள்களான எண்ட்நோட்டும் ஜோட்டெரோவும் ஒரு நிமிடத்தில் மாற்றிக் கொடுத்துவிடும். அவை திருத்தாதது பதிவுக்குள் இருக்கும் தகவல். பன்னிரண்டில் எட்டுப் பதிவுகளிலாவது தலைப்பு, இதழின் பெயர், தொகுதி, பக்கம், ஆசிரியர் பெயர் ஆகியவற்றுள் ஏதோ ஒன்று தவறாக இறங்க வாய்ப்பு இருக்கிறது. ஒரு வடிவில் மறைந்திருக்கும் பிழை அடுத்த வடிவுக்கு மாறும்போதுதான் வெளியே தெரியும்.

ஷெல்ட்ரிக்கின் இரண்டு கட்டுரைகள்

படிக அமைப்பைத் தீர்க்க ஷெல்எக்ஸ்டி, செம்மைப்படுத்த ஷெல்எக்ஸ்எல். இரண்டையும் எழுதியவர் ஜார்ஜ் ஷெல்ட்ரிக். இரண்டுக்கும் அவர் கொடுத்த கட்டுரைகள் 2015-இல் வந்தன. ஒன்று ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா பிரிவு ஏ, தொகுதி 71, பக்கம் 3–8. மற்றொன்று அதே இதழின் பிரிவு சி, தொகுதி 71, பக்கம் 3–8. ஆசிரியர், ஆண்டு, தொகுதி, பக்கம் நான்கும் ஒன்றே. தற்செயல்தான், ஆனால் வேதியியல் ரெஃபரன்ஸ் பட்டியல்களில் இதைவிடக் கண்ணை ஏமாற்றும் இரட்டை வேறொன்று இருப்பது அரிது.

ஏசிஎஸ் வடிவில் கட்டுரையின் தலைப்பும் வருவதால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும். மரபான ஆர்எஸ்சி வடிவில் தலைப்பு வராது. அங்கே பிரிவு எழுத்தை விட்டுவிட்டால் ஒரே வரி இரண்டு முறை அச்சான மாதிரி இருக்கும். கூட்டாசிரியர் யாராவது 'இது இரண்டு முறை வந்திருக்கிறது' என்று நல்லெண்ணத்தில் ஒன்றை நீக்குவார். அதற்குப் பிறகு செய்முறைப் பகுதியில் அமைப்பைத் தீர்த்ததற்கும் செம்மைப்படுத்தியதற்கும் ஒரே எண் நிற்கும், பின்னால் வரும் எண்கள் எல்லாம் ஒன்று குறையும்.

மென்பொருளும் இதற்கு விலக்கில்லை. எண்ட்நோட் வழக்கமாக ஆசிரியர், ஆண்டு, தலைப்பு ஆகியவற்றை ஒப்பிட்டு நகல்களைத் தேடும். தலைப்பு வேறு என்பதால் இந்த இரண்டும் தப்பிக்கும். ஆனால் தலைப்புகளின் எழுத்துக்கூட்டல் பதிவுக்குப் பதிவு மாறுவதால், நகல் தேடும் அமைப்பை 'ஆசிரியர், ஆண்டு, தொகுதி, பக்கம்' என்று மாற்றி வைத்திருப்பவர்கள் நிறைய. அந்த அமைப்பில் இரண்டும் நகலாகக் காட்டப்படும். 'நகல்களை நீக்கு' என்று ஒரே சொடுக்கில் முடித்தால் ஒன்று போய்விடும்.

இதழின் பெயரைச் சுருக்கமாக எழுதும்போது பிரிவு எழுத்தும் அதன் துணைப்பெயரும் சேர்ந்து வர வேண்டும்: 'ஆக்டா கிரிஸ்டலோகர்., செக்ட். ஏ: ஃபவுண்ட். அட்வ.' என்றும், 'ஆக்டா கிரிஸ்டலோகர்., செக்ட். சி: ஸ்ட்ரக்ட். கெம்.' என்றும். இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இந்தத் துணைப்பெயர்கள் 2014-இல் மாறியவை. அதற்கு முன் ஏ பிரிவு 'ஃபவுண்டேஷன்ஸ் ஆஃப் கிரிஸ்டலோகிராஃபி', சி பிரிவு 'கிரிஸ்டல் ஸ்ட்ரக்சர் கம்யூனிகேஷன்ஸ்'. ஷெல்ட்ரிக்கின் 2008-ஆம் ஆண்டுக் கட்டுரையையும் (ஏ பிரிவு, தொகுதி 64, பக்கம் 112–122) சேர்த்து மேற்கோள் காட்டுபவர்கள் 2015-இன் துணைப்பெயரை 2008-க்குப் போடக்கூடாது. பிரிவு எழுத்தைத் தொகுதி எண்ணோடு ஒட்டி 'சி71' என்று எழுதுவது படிகவியல் இதழ்களின் சொந்த வழக்கம். ஏசிஎஸ், ஆர்எஸ்சி பட்டியல்களில் பிரிவு எழுத்து இதழின் பெயரோடு போகும், தொகுதிப் புலத்தில் வெறும் 71 மட்டும். இரண்டு இடத்திலும் போட்டால் 'செக்ட். சி' என்றும் 'சி71' என்றும் இரட்டிக்கும்.

தொகுதியே இல்லாத 1984

ஐந்து அணைவு எண் கொண்ட காப்பர் சேர்மம் என்றாலே டவ் அளவுரு வந்துவிடும். மைய அணுவைச் சுற்றியுள்ள மிகப்பெரிய இரண்டு கோணங்களின் வித்தியாசத்தை 60-ஆல் வகுப்பது. 0 என்றால் சதுரப் பிரமிடு, 1 என்றால் முக்கோண இருபிரமிடு. இதை அறிமுகப்படுத்திய அடிசன், ராவ், ரீடைக், வான் ரைன், வெர்ஸ்கோர் ஐவரின் கட்டுரை 1984-இல் ஜர்னல் ஆஃப் தி கெமிக்கல் சொசைட்டி, டால்டன் டிரான்ஸாக்ஷன்ஸ் இதழில் 1349–1356 பக்கங்களில் வந்தது. பட்டியலில் அதிகம் சேதப்படும் ஒரே பதிவு எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவோம். நான்கு காரணங்கள்.

முதலாவது, அந்த இதழுக்கு அப்போது தொகுதி எண் கிடையாது. ஆண்டும் வெளியீட்டு எண்ணும் பக்கமும்தான். இந்தக் கட்டுரை 7-ஆம் வெளியீடு. தொகுதிப் புலம் காலியாக இருப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் அங்கே 7 என்றோ, ஆண்டையே மறுபடி 1984 என்றோ நிரப்பிவிடுகிறார்கள். பிறகு 'தொகுதி 7, பக்கம் 1349' என்று அச்சாகும், அப்படி ஒன்று கிடையாது. சரியான ஏசிஎஸ் வரி ஆண்டுக்குப் பின் 'நம். 7' என்று வெளியீட்டு எண்ணைத் தந்து பக்கத்துக்குப் போகும். ஆர்எஸ்சி வரியில் ஆண்டு, காற்புள்ளி, பக்கம், அவ்வளவுதான். புலத்தைக் காலியாக விட்டால் சில பாணிக் கோப்புகள் இரண்டு காற்புள்ளிகளை அடுத்தடுத்து விட்டுவிடும். அதைக் கடைசிப் பார்வையில் கையால் நீக்க வேண்டும், புலத்தை நிரப்பிச் சரிக்கட்டக் கூடாது.

இரண்டாவது, இதழின் பெயர். 'டால்டன் டிரான்ஸாக்ஷன்ஸ்' என்று தனியாக ஆனது 2003-இல். 1984-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு 'டால்டன் டிரான்ஸ்.' என்று மட்டும் போடுவது பிழை, 'ஜே. கெம். சொக்., டால்டன் டிரான்ஸ்.' என்று முழுசாக வர வேண்டும்.

மூன்றாவது, பெயர்கள். வான் ரைன் என்பதில் 'வான்' குடும்பப் பெயரின் பகுதி. பதிவில் அது இடுபெயரோடு சேர்ந்துவிட்டால் 'ரைன், ஜே. வி.' என்று வெளியே வரும். பழைய தரவுத்தளப் பதிவுகளிலிருந்து இறக்கினால் 'வான்ரைன்' என்று ஒட்டியும் எல்லாமே பெரிய எழுத்திலும் கிடைப்பதுண்டு. எண்ட்நோட்டில் 'வான் ரைன், ஜே.' என்று காற்புள்ளியோடு தட்டினால் காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது முழுவதும் குடும்பப் பெயராகும். லேடெக் தட்டச்சமைப்பு நிரலுக்கான பிப்டெக் ரெஃபரன்ஸ் கோப்பிலும் இதே காற்புள்ளி முறைதான் பாதுகாப்பு.

நான்காவது, தலைப்பு. ஏசிஎஸ் வடிவுக்கு அது தேவை. அதில் காப்பரின் ஆக்சிஜனேற்ற எண் ரோமன் எண்ணில் அடைப்புக்குள் இருக்கிறது, சதுர அடைப்பு இருக்கிறது, சாய்வெழுத்தில் வரவேண்டிய நைட்ரஜன் இடக்குறி இருக்கிறது, 2 என்ற எண்ணுக்கு மேல் ஒரு பிரைம் குறி இருக்கிறது. இறக்குமதியில் சாய்வு போய்விடும், பிரைம் குறி ஒற்றை மேற்கோள்குறியாகிவிடும், ரோமன் எண் சின்ன எழுத்தாகிவிடும். கந்தகத்துக்குப் பிரிட்டன் எழுத்துக்கூட்டல் இருப்பதைப் பார்த்து வேர்டின் எழுத்துப்பிழை திருத்தி அதை அமெரிக்க முறைக்கு மாற்றச் சொல்லும். மாற்றக்கூடாது, தலைப்பு எப்படி அச்சானதோ அப்படியே.

புளூட்டோனியமும் ரேடானும்

கணக்கீட்டுப் பகுதியின் மூலங்களில் பக்கமும் தொகுதியும் சிக்கலில்லை, தலைப்புகள்தான் சிக்கல். கிரிம்மே குழுவின் 2010-ஆம் ஆண்டு விரவல் திருத்தக் கட்டுரையின் தலைப்பு 'ஹைட்ரஜன் முதல் புளூட்டோனியம் வரை 94 தனிமங்கள்' என்பதைத் தனிமக் குறியீடுகளால் சொல்கிறது. வைகெண்டும் ஆல்ரிக்ஸும் 2005-இல் எழுதிய அடிப்படைத் தொகுப்புக் கட்டுரையின் தலைப்பில் ஹைட்ரஜன் முதல் ரேடான் வரை. தலைப்பைச் சிற்றெழுத்தாக்கும் பாணி எதுவானாலும் இந்தக் குறியீடுகளின் முதலெழுத்தையும் சிறிதாக்கிவிடும். லீ, யாங், பார் மூவரின் 1988-ஆம் ஆண்டுக் கட்டுரைத் தலைப்பில் கொல்லே, சால்வெட்டி என்ற இரண்டு ஆட்களின் பெயர்கள் இருக்கின்றன; அவையும் சிறிதாகும்.

இதற்கு வழி மூலப் பதிவில்தான். பிப்டெக் பயன்படுத்தினால் தனிமக் குறியீடு, ஆட்பெயர், சேர்மப் பெயர் ஒவ்வொன்றையும் நெளி அடைப்புக்குள் வைக்க வேண்டும். முழுத் தலைப்பையும் இரட்டை நெளி அடைப்புக்குள் போடுவது சோம்பேறி வழி. ஒரு வடிவுக்குச் சரியாக இருக்கும், தலைப்பைச் சிற்றெழுத்தில் கேட்கும் அடுத்த இதழுக்குப் போகும்போது தலைப்பு அசையாமல் அப்படியே நிற்கும். ஜோட்டெரோவில் தலைப்பை வாக்கிய முறையில், அதாவது முதல் சொல்லுக்கும் பெயர்ச்சொற்களுக்கும் மட்டும் பெரிய எழுத்தாகச் சேமித்து வைப்பதே முறை. அங்கிருந்து ஏசிஎஸ் வழிகாட்டி கேட்கும் தலைப்பு முறைக்கு, ஒவ்வொரு முக்கியச் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும் முறைக்கு, மென்பொருளே மாற்றும். எதிர்த்திசையில், எல்லாம் பெரிய எழுத்தில் இருப்பதிலிருந்து சிறிய எழுத்துக்குப் போக, எது பெயர் எது சொல் என்று மென்பொருளுக்குத் தெரியாது. சாய்வு, கீழெழுத்து, மேலெழுத்துக்கு ஜோட்டெரோவின் தலைப்புப் புலத்திலேயே எச்டிஎம்எல் குறிச்சொற்களைத் தட்டலாம். பெரிய எழுத்து மாறக்கூடாத சொல்லுக்கும் தனிக் குறிச்சொல் உண்டு. எண்ட்நோட்டில் புலத்துக்குள்ளேயே சாய்வும் கீழெழுத்தும் கொடுத்துச் சேமித்தால் போதும்.

கிரிம்மே கட்டுரைக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. ஜர்னல் ஆஃப் கெமிக்கல் ஃபிசிக்ஸ், தொகுதி 132; பக்கத்தின் இடத்தில் 154104 என்ற கட்டுரை எண். பக்கங்களின் ஓரத்தில் 154104-1, 154104-2 என்று ஓடும். இதைப் பக்க வரம்பாக மாற்றி 1–19 என்றோ 154104-1 என்று தொடங்கியோ எழுத வேண்டாம். 154104 என்ற ஆறு இலக்கம் மட்டும், பக்கம் வரும் இடத்தில்.

வடிவத்தைத் தாண்டிய ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். டிஎஃப்டி கணக்கீட்டில் பயன்படுத்திய சார்பியம் பி3எல்ஒய்பி என்று எழுதிவிட்டு பெக்கியின் 1993-ஆம் ஆண்டுக் கட்டுரையை (ஜர்னல் ஆஃப் கெமிக்கல் ஃபிசிக்ஸ், 98, 5648–5652) மட்டும் காட்டுவது பரவலான பழக்கம். அந்தக் கட்டுரையில் மூன்று அளவுருக் கலவை இருக்கிறது, ஆனால் அங்கே பயன்பட்ட ஒட்டுறவுச் சார்பியம் பிடபிள்யூ91. லீ-யாங்-பார் சார்பியத்தோடு சேர்த்து இன்று எல்லோரும் பயன்படுத்தும் வடிவம் ஸ்டீஃபன்ஸ், டெவ்லின், சபலோவ்ஸ்கி, ஃபிரிஷ் நால்வரின் 1994-ஆம் ஆண்டுக் கட்டுரையில் உள்ளது: ஜர்னல் ஆஃப் ஃபிசிகல் கெமிஸ்ட்ரி, 98, 11623–11627. மூன்றையும் காட்டுவதே நியாயம். பெக்கி கட்டுரையின் தொகுதியும் 98, ஸ்டீஃபன்ஸ் கட்டுரையின் தொகுதியும் 98. இதழ்கள் வேறு. வெட்டி ஒட்டும்போது ஒன்றின் பக்கம் மற்றொன்றுக்குப் போவது நடக்கிற பிழை. ஃபிசிகல் கெமிஸ்ட்ரி இதழ் ஏ, பி என்று பிரிந்தது 1997-இல். 1994-க்கு 'ஏ' சேர்க்கக்கூடாது. சில சுருக்கப் பட்டியல்கள் தானாகவே சேர்த்துவிடும்.

2002-இன் நீளமான டிஓஐ

காப்பர் வினைவேக மாற்றிய அசைடு-அல்கைன் வினைக்கு இரண்டு கட்டுரைகளைச் சேர்த்தே காட்ட வேண்டும்: ஷார்ப்லெஸ் குழுவின் ஆங்கெவாண்டே கட்டுரை, மெல்டல் குழுவின் ஜர்னல் ஆஃப் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி கட்டுரை. இரண்டும் 2002, இருவரும் 2022-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பெர்டோஸியுடன் பகிர்ந்துகொண்டவர்கள். ஒன்றை விட்டுவிட்டால் மதிப்பீட்டாளர் கேட்பார்.

ஆங்கெவாண்டே கட்டுரையின் டிஓஐ (கட்டுரையின் நிலையான இணைய அடையாள எண்) இப்படிப் போகிறது: 10.1002/1521-3773(20020715)41:14<2596::ஏஐடி-ஏஎன்ஐஇ2596>3.0.சிஓ;2-4. கோணக்குறி, இரட்டைப்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் அதற்குள். வைலி இதழ்களின் அந்தக் காலத்து டிஓஐகள் இப்படித்தான். வலைப்பக்கத்திலோ எக்ஸ்எம்எல் கோப்பிலோ கோணக்குறியைக் குறிச்சொல் என்று எடுத்துக்கொண்டு நடுவில் இருப்பதை விழுங்கிவிடும். லேடெக்கின் பழைய எழுத்துக் குறியாக்கத்தில் கோணக்குறிகள் தலைகீழ் வியப்புக்குறியாகவும் தலைகீழ் வினாக்குறியாகவும் அச்சாகும். இணைப்பாகக் கொடுக்கும்போது கோணக்குறிகளை %3சி, %3ஈ என்று குறியாக்க வேண்டும் (எழுத்துகள் ரோமனில்). லேடெக்கில் அந்த % குறி வரியின் மிச்சத்தைக் கருத்துரையாக்கிவிடும் என்பதால் டிஓஐக்கான கட்டளைக்குள் வைத்தே எழுதுங்கள். அரைப்புள்ளியில் டிஓஐ முடிந்துவிட்டதாக நினைத்து வெட்டுபவர்களும் உண்டு. கடைசி '2-4' போய்விட்டால் இணைப்பு திறக்காது.

மெல்டல் கட்டுரையின் முதல் ஆசிரியர் டேனிஷ்காரர், பெயர் டோர்னோ. அதில் உள்ள குறுக்குக் கோடு போட்ட 'ஓ' எழுத்து இறக்குமதியில் கெடும். யூடிஎஃப்-8 கோப்பை வேறு குறியாக்கத்தில் திறந்தால் அந்த ஓர் எழுத்து இரண்டு விசித்திர எழுத்துகளாகும். பழைய மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தில் உள்ள கோப்பை மத்திய ஐரோப்பியக் குறியாக்கத்தில் திறந்தால் மேலே கொக்கி போட்ட 'ர்' ஆகும். இரண்டாவது பிழை ஆபத்து. பார்வைக்கு அது ஒரு செக் நாட்டுப் பெயர் போலவே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

ஆசிரியர் பெயரைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் பெயர்களில் முதலெழுத்து ஊரையோ தந்தையையோ குறிக்கும், கடைசியில் நிற்பது சொந்தப் பெயர். ஆய்விதழ்களின் படிவம் அந்தச் சொந்தப் பெயரையே குடும்பப் பெயர்ப் புலத்தில் கேட்கிறது. ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1963-இல் ஜர்னல் ஆஃப் மாலிகுலர் பயாலஜியில் எழுதிய கட்டுரை (7, 95–99) 'ராமச்சந்திரன், ஜி. என்.' என்றே உலகமெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது, அதுவே சரி. ஒரு கட்டுரையில் இப்படியும் அடுத்த கட்டுரையில் தந்தை பெயரை விரித்து அதைக் குடும்பப் பெயராகவும் கொடுத்தால், தரவுத்தளத்தில் இரண்டு ஆளாகப் பிரிந்துவிடுவீர்கள். உங்கள் சொந்த முந்தைய கட்டுரைகளை மேற்கோள் காட்டும்போது இப்போது விரும்பும் வடிவில் எழுதாதீர்கள், அந்தக் கட்டுரையில் அச்சானபடி எழுதுங்கள். இருவடிவையும் இணைப்பது ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண்ணின் வேலை.

மூன்று வடிவங்களும் அருகருகே

ஏசிஎஸ்: குடும்பப் பெயர் முன்னால், முதலெழுத்துகள் பின்னால், ஆசிரியர்களுக்கு நடுவே அரைப்புள்ளி, 'மற்றும்' கிடையாது. தலைப்பு சாதாரண எழுத்தில், இதழ்ச் சுருக்கம் சாய்வில், ஆண்டு தடித்த எழுத்தில், தொகுதி சாய்வில், வெளியீட்டு எண் அடைப்புக்குள், முழுப் பக்க வரம்பு. இதழ்ச் சுருக்கத்துக்கும் ஆண்டுக்கும் நடுவே காற்புள்ளி இல்லை.

ஆர்எஸ்சி: முதலெழுத்துகள் முன்னால், குடும்பப் பெயர் பின்னால், கடைசி ஆசிரியருக்கு முன் 'அண்ட்', அதற்கு முன் காற்புள்ளி இல்லை. மரபான வடிவில் தலைப்பு இல்லை. இதழ்ச் சுருக்கம் சாய்வில், பிறகு காற்புள்ளி, ஆண்டு சாதாரணமாக, தொகுதி தடித்த எழுத்தில், பக்கம். ஏசிஎஸ்ஸில் ஆண்டு தடிப்பு, இங்கே தொகுதி தடிப்பு. அவசரத்தில் கையால் மாற்றுபவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

ஆங்கெவாண்டே: முதலெழுத்துகள் முன்னால், எல்லாவற்றுக்கும் காற்புள்ளி மட்டும். இதழ்ச் சுருக்கம் சாய்வில், ஆண்டு தடித்து, தொகுதி சாய்வில், பக்கம். சுருக்கத்துக்குள் காற்புள்ளி கிடையாது: ஏசிஎஸ்ஸும் ஆர்எஸ்சியும் 'ஆங்கெவ். கெம்., இன்ட். எட்.' என்று எழுத, இங்கே 'ஆங்கெவ். கெம். இன்ட். எட்.' கிளிக் இரட்டையை ஒரே எண்ணின் கீழ் முதல் இரண்டு எழுத்துகளிட்டு வைக்கலாம். கூடவே, ஆங்கெவாண்டேயின் கட்டுரையை அதே இதழில் மேற்கோள் காட்டும்போது ஜெர்மன் பதிப்பின் விவரத்தையும் அரைப்புள்ளிக்குப் பின் சேர்ப்பது வழக்கம். ஷார்ப்லெஸ் கட்டுரைக்கு அது 2002, 114, 2708–2711. ஜெர்மன் பதிப்பின் தொகுதி எண் சர்வதேசப் பதிப்பைவிட எப்போதும் 73 அதிகம். 41-உம் 73-உம் 114. இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்தால் இரண்டு பதிப்பையும் கலந்துவிட்ட பதிவு உடனே அகப்படும்.

இதழ்ச் சுருக்கங்களுக்கு ஏசிஎஸ்ஸும் ஆர்எஸ்சியும் பின்பற்றுவது கேஸ்ஸி என்ற கெமிக்கல் அப்ஸ்டிராக்ட்ஸ் பட்டியல். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். எண்ட்நோட்டில் இதழ்ப் பெயர்ப் பட்டியலைக் காலி செய்துவிட்டு, மென்பொருளோடு வரும் வேதியியல் பட்டியல் கோப்பை இறக்குங்கள். காலி செய்யாமல் இறக்கினால் முன்பே தானாகச் சேர்ந்திருக்கும் முழுப்பெயர்கள் ஒட்டிக்கொண்டு, பட்டியலில் பாதி சுருக்கமாகவும் பாதி முழுசாகவும் வரும். ஜோட்டெரோவின் வேர்ட் அமைப்பில் 'மெட்லைன் சுருக்கங்களைப் பயன்படுத்து' என்ற தேர்வை எடுத்துவிடுங்கள். உங்கள் பதிவில் நீங்கள் தட்டிய சுருக்கத்தை அது கண்டுகொள்ளாது.

காஸியன் 16-க்குக் கூகுள் ஸ்காலரிலிருந்து பிப்டெக் எடுக்காதீர்கள். நீளமான ஆசிரியர் வரிசையை அது 'மற்றவர்கள்' என்று வெட்டிவிடும். நிரல் தயாரிப்பாளரின் தளத்தில் உள்ள மேற்கோளை எடுத்து, நீங்கள் ஓட்டிய ரிவிஷன் எதுவோ அதைப் போடுங்கள். வெளியீட்டுக் கோப்பின் தலைப்பகுதியிலேயே ரிவிஷன் அச்சாகியிருக்கும். ஆய்வேட்டிலிருந்து வெட்டி ஒட்டியதில் ஏ.03 என்றும் கணினியில் ஓடியது சி.01 என்றும் இருந்தால், அந்தக் கணக்கீட்டைத் திரும்பச் செய்ய முயல்பவருக்கு அது தவறான தகவல்.

உரைக்குள் மேலெழுத்து

மூன்று வடிவமும் மேலெழுத்து எண்ணையே கேட்கின்றன. ஆங்கெவாண்டேயில் மட்டும் அது சதுர அடைப்புக்குள். நிறுத்தக்குறிக்குப் பின்னால் எண் வர வேண்டும். வேதியியலில் இதற்கென்றே ஒரு தொல்லை. 'டவ் மதிப்பு 0.32' என்று எழுதி உடனே மேலெழுத்தில் 2 போட்டால் படிப்பவருக்கு அது 0.32-இன் வர்க்கம். பிணைப்பு நீளத்தை ஆங்ஸ்ட்ராமில் கொடுத்து மேலெழுத்தில் 3 போட்டால் அது கன ஆங்ஸ்ட்ராம். அயனியின் மின்சுமைக்குப் பக்கத்தில் போட்டால் சொல்லவே வேண்டாம். எண்ணுக்கும் அலகுக்கும் வாய்பாட்டுக்கும் பக்கத்தில் மேற்கோள் எண் வராதபடி வாக்கியத்தை மாற்றி, 'அளவுரு' என்ற சொல்லுக்குப் பின்னாலோ ஆசிரியர் பெயருக்குப் பின்னாலோ வையுங்கள். முடியாத இடத்தில் 'ரெஃப் 2' என்று சாதாரண எழுத்தில் வரியிலேயே எழுதலாம், ஏசிஎஸ் அதை ஏற்கிறது.

அட்டவணையிலும் பட விளக்கத்திலும் வரும் மேற்கோள்கள், அந்த அட்டவணை உரையில் முதலில் குறிப்பிடப்படும் இடத்தின் வரிசையில் எண் பெற வேண்டும். அட்டவணைகளைக் கோப்பின் கடைசியில் வைத்திருந்தால் மென்பொருள் அவற்றுக்குக் கடைசி எண்களைக் கொடுக்கும். டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் விளக்கத்தை வைத்தால் வரிசை இன்னும் குழம்பும். பட விளக்கங்களைச் சாதாரணப் பத்தியாகவே வைத்துக்கொள்வது நல்லது.

சமர்ப்பிக்கும் முன்

முதல் சமர்ப்பிப்பில் பல பதிப்பகங்கள் இப்போது வடிவத்தை வற்புறுத்துவதில்லை. ஒரே சீராக இருந்தால் போதும் என்கின்றன. அந்தச் சலுகையை வடிவத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தகவலை அப்போதே சரிபார்த்துவிட வேண்டும், மதிப்பீட்டாளர் கட்டுரையைத் தேடிப் படிக்கப்போவது அந்த நிலையில்தான்.

சரிபார்க்கும் முறை நேரானது. ஒவ்வொரு டிஓஐயையும் சொடுக்கித் திறந்து, திறக்கும் கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஆசிரியர் பெயர்கள், ஆண்டு, தொகுதி, முதல் பக்கம், தலைப்பு ஐந்தையும் ஒப்பிடுங்கள். பக்கத்தில் திருத்தமோ திரும்பப்பெறல் அறிவிப்போ இருக்கிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் பட்டியல் கேட்டு வாங்கியிருந்தால் இந்தப் படியைத் தாண்டவே முடியாது. இருக்கிற ஆசிரியர், இருக்கிற இதழ், இல்லாத கட்டுரை என்று அச்சு அசலாக எழுதிக் கொடுக்கும். திருத்தம் எதையும் வேர்ட் கோப்பின் பட்டியலில் செய்யாதீர்கள், அடுத்த முறை புதுப்பிக்கும்போது அழிந்துவிடும். நூலகப் பதிவில் திருத்தி, பிறகு புதுப்பியுங்கள்.

எல்லாம் முடிந்தபின் கோப்பை வேறு பெயரில் சேமித்து, அந்த நகலில் மட்டும் மேற்கோள் புலங்களை வெற்று உரையாக்குங்கள். எண்ட்நோட்டிலும் ஜோட்டெரோவிலும் இதற்கெனத் தனிக் கட்டளை உண்டு. வேர்டின் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-எஃப்9 வழியும் வேலை செய்யும். ஆனால் அது படம், அட்டவணை எண்களுக்கான குறுக்கு இணைப்புகளையும் சேர்த்தே உறைய வைக்கும். இதழ் மாறினால் திரும்பிப் போக வேண்டியது மூலக் கோப்புக்கு.

துணைத் தகவல் கோப்புக்குத் தனிப் பட்டியல், தனி எண் வரிசை. கட்டுரையின் முதன்மைப் பட்டியலைப் பதிப்பகத்தின் திருத்துநர் ஒருமுறை பார்ப்பார். துணைத் தகவலை யாரும் தட்டச்சமைப்பதில்லை, நீங்கள் ஏற்றிய கோப்பு அப்படியே வெளியாகும். ஷெல்எக்ஸ் மூலங்களும் காஸியன் வரியும் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. ஆகவே டிஓஐ சொடுக்கும் வேலையை அந்தக் கோப்பிலிருந்து தொடங்குங்கள்.